வீட்டுக் கழிவும் மார்க்கக் கடமையும்



நபி ஸுலைமான் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் இறுதி நேரத்தைப் பற்றித் திருமறையின் ஸபஃ அத்தியாயம் தரும் செய்தியை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம், பயான்களிலும் கேட்டிருக்கிறோம். ஜின்கள் கடும் வேலையில் ஈடுபட்டிருக்க, கைத்தடியை ஊன்றி நின்ற நிலையிலேயே அந்த மாபெரும் அரசரின் உயிர் பிரிந்தது. ஜின்கள் அதை உணரவில்லை. மண்ணில் வாழும் ஓர் அற்பப் பூச்சி அந்தத் தடியை உள்ளிருந்து அரித்து, அது முறிந்து, உடல் சாய்ந்த பின்னரே அவர்களுக்கு உண்மை விளங்கிற்று. மறைவானவற்றை அறிந்தவர்கள் என்று மக்களால் எண்ணப்பட்ட ஜின்களின் பெருமையை அல்லாஹு தஆலா ஒரு கறையானைக் கொண்டு உடைத்துக் காட்டினான்.

இந்தக் கறையானைப் பற்றி இன்று நாம் அறிந்திருக்கும் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். மரத்தைச் செரிக்கும் ஆற்றல் கறையானுக்குத் தனியே போதாது. அதன் குடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. மரத்தின் நாரைக் கரைத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு அவற்றுக்கே. அற்பப் பூச்சிக்குள் அதைவிட அற்பமான படைப்பு! இறைவனின் படைகளை அவனைத் தவிர வேறு எவரும் அறியார் என்ற கருத்து அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தில் வருகிறது. நரகத்தின் காவலர்களான மலக்குகளைப் பற்றிப் பேசும் இடத்தில் வந்த வசனம் அது. எனினும் ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் நூறு கோடி வரை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று கேள்விப்படும்போது நமக்கு அந்த வசனம் நினைவுக்கு வராமல் போவதில்லை.

இந்தப் படைகளுக்கு இறைவன் இட்டிருக்கும் வேலை யாது? செத்ததையும், உதிர்ந்ததையும், மிஞ்சியதையும் மீண்டும் மண்ணாக்குவது. அவை ஒரு வாரம் வேலை நிறுத்தம் செய்தால் நம் கதி என்னவாகும்! ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் காலம் முதல் உதிர்ந்த இலை, மடிந்த பிராணி எல்லாம் இன்றுவரை நம் காலடியில் கிடந்திருக்கும். கிடக்கவில்லை என்பதே அவை கடமை தவறவில்லை என்பதற்கு அத்தாட்சி. கடமை தவறுபவர்கள் நாம்தாம்.

எப்படி என்று கேட்கலாம். காலையில் நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். முந்தின இரவு மிஞ்சிய சோறு, மீன் செதில், வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, அதோடு குழந்தையின் டயப்பர், உடைந்த கண்ணாடி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் திணித்து, காற்றுப் புகாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வீசிவிடுகிறோம். அந்த ஒரு முடிச்சில் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, காற்றை உட்கொண்டு வாழும் நல்ல நுண்ணுயிர்கள் உள்ளே மூச்சு முட்டி ஒடுங்கிப்போகின்றன. அவற்றின் இடத்தைக் காற்றில்லாத இடத்தில் செழிக்கும் வேறு வகை பிடித்துக்கொள்கிறது. அழுகிய முட்டை நாற்றமும் மீத்தேன் என்னும் வாயுவும் அதனால்தான் பிறக்கின்றன. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த மீத்தேன் கரியமில வாயுவைக் காட்டிலும் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது. எளிதில் தீப்பற்றவும் கூடியது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் குப்பை போட்டவர்கள் அல்லர், அங்கே குடியிருந்தவர்கள்.

இரண்டாவது கேடு, அந்தப் பையை அவிழ்த்துக் கையால் பிரிக்கும் மனிதருக்கு. மாநபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு கறுப்பினப் பெண்மணியின் சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அவர் மரணித்தபோது, இது ஒரு சிறிய விஷயம் என்று கருதி ஸஹாபாக்கள் நாயகத்திடம் தெரிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். பல நாள் காணவில்லையே என்று விசாரித்த அண்ணலார், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். குப்பை கூட்டியவருக்கு அல்லாஹ்வின் தூதர் அளித்த மரியாதை இது. நம் தெருவைக் கூட்டும் சகோதரியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் தெரியாமற்போனாலும், நாம் வீசும் பையிலுள்ள கண்ணாடித் துண்டு அவர் கையைக் கிழிக்காமல் இருக்கும்படியாவது செய்யலாம் அல்லவா?

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. கிளைகளில் மிகக் கீழானது அதுவே என்று ஹதீஸ் கூறுகிறது. மிகக் கீழ்ப்படியில் ஏறாதவன் மேற்படியில் நிற்பதாகச் சொல்லிக்கொள்வது விந்தைதான். நீர்த்துறைகளிலும், நடைபாதையிலும், மக்கள் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தை வரவழைக்கும் செயல் என்று எச்சரிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. அங்கே பேச்சு மலஜலம் பற்றியது. ஆனால் அதன் காரணத்தை நோக்கினால், பலர் பயன்பெறும் இடத்தைப் பாழாக்குவதே குற்றம் என்பது புரியும். வலீமா முடிந்த மறுநாள் ஊர்க் குளக்கரையில் கொட்டிக் கிடக்கும் எச்சில் இலையும் பிரியாணி மிச்சமும் இந்தக் காரணத்துக்கு வெளியே இருக்கின்றன என்று எந்த ஆலிமாவது சொல்வாரா?

வலீமாவைத் தொட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிடுவோம். கழிவைப் பற்றிப் பேசுமுன் கழிவு உண்டாகாமல் பார்ப்பது முதல் கடமை. கீழே விழுந்த கவளத்தை எடுத்து, ஒட்டிய தூசியை நீக்கி உண்ணும்படியும், அதை ஷைத்தானுக்கு விட்டுவிட வேண்டாம் என்றும் கற்றுத்தரப்பட்ட உம்மத் நாம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ம் ஆண்டில் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு வீடுகளில் வீணானது. ஓட்டல்காரர் மீது பழியைப் போட இடமில்லை. எருக்குழி இருக்கிறதே என்று சோற்றைத் தாராளமாகக் கொட்டுபவர் இஸ்ராஃபிலிருந்து தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். உண்ணத் தக்கது முதலில் மனிதனுக்கு, அடுத்து ஆடு கோழிக்கு. உண்ணத் தகாததே மண்ணுக்கு.

சரி, உண்ணத் தகாததை என்ன செய்வது? செத்த ஆடு ஒன்றைக் கடந்து செல்கையில், அதன் தோலை எடுத்துப் பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்று தோழர்கள் கூற, ஹராமாக்கப்பட்டது அதை உண்பதுதான் என்று தெளிவுபடுத்தினார்கள். இன்னொரு ஹதீஸில், எலும்பையும் விட்டையையும் கொண்டு சுத்தம் செய்வது தடுக்கப்பட்டிருக்கிறது. எலும்பு ஜின்களுக்கும் விட்டை அவர்களின் கால்நடைகளுக்கும் உணவு என்பது அங்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. நமக்கு வேண்டாதது இன்னொரு படைப்பின் ரிஜ்க். இந்த ஓர் எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டால் குப்பையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். வீட்டுக் கழிவை எருவாக்க நுண்ணுயிர்கள் நம்மிடம் கேட்பவை மூன்றே: காற்று, அளவான ஈரம், பச்சையும் காய்ந்ததும் கலந்த உணவு. காய்கறித் தோல், மீன் கழிவு போன்ற ஈரமான பொருள்களில் தழைச்சத்து மிகுதி. சருகு, வைக்கோல், தென்னை நார்த்தூள் போன்றவற்றில் கரிச்சத்து மிகுதி. தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு இருந்தால் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். இதைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி சமையற்கட்டுக் கழிவு போட்டால், அதை மூடும் அளவுக்கு ஒன்றிரண்டு கைப்பிடி சருகுத்தூள் போட வேண்டும், அவ்வளவுதான்.

பக்கவாட்டில் துளையிட்ட பெரிய மண்பானை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அடியில் சருகு பரப்பி, மரத்தடி மண் ஒரு கைப்பிடியும் புளித்த மோர் சிறிதும் தெளித்தால் அதுவே உறை. பாலுக்கு உறை ஊற்றத் தெரிந்த நம் பெண்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முந்திய தயிரிலிருந்து அடுத்த தயிர் போல, முந்திய எருவிலிருந்து ஒரு கைப்பிடியே அடுத்த பானைக்கு மிகச் சிறந்த உறை. வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால், முறுக்கிப் பிழிந்த துணியைப் போல் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக்கூடாது. நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள்: சருகு சேர்த்துக் கிளறவும். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது என்று பொருள்: நீர் தெளிக்கவும். வெண்ணிறப் புழுக்கள் நெளிவதைக் கண்டு சிலர் பானையையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை கழிவைத் தின்று தீர்க்க வந்த வேலையாட்களே. கொஞ்சம் சருகு கூட்டிப்போட்டால் குறைந்துவிடும்.

முதலில் மிதமான சூட்டில் வாழும் வகை இறங்கி, எளிதில் கரைவதைத் தின்கிறது. அந்த உழைப்பில் சூடு பிறக்கிறது. பெரிய குவியலில் அது 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அப்போது முதல் வகை ஒதுங்கிக்கொள்ள, வெப்பத்தை விரும்பும் வகை வேலையை ஏற்கிறது. 55 பாகைக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து இருந்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். சூடு தணிந்தபின் பூஞ்சைகளும், முதல் மழையின் மண்வாசனையை உண்டாக்கும் அதே இனத்து உயிர்களும் வந்து கடினமான நாரைக் கரைக்கின்றன. அழைப்புமில்லை, மேற்பார்வையுமில்லை, முறை தவறாமல் ஒன்று விலக ஒன்று வருகிறது. ஸுப்ஹானல்லாஹ்! வீட்டுப் பானையில் இந்த அளவு சூடு ஏறுவது அரிது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே பானையில் இறைச்சி, எலும்பு, நோயாளி பயன்படுத்திய பொருள் இவற்றைப் போட வேண்டாம்.

கடைகளில் நுண்ணுயிர்க் கரைசல் என்று புட்டியில் விற்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் தெருவோ ஹிகா என்ற பேராசிரியர் 1980-களில் உருவாக்கிய கலவை இவற்றில் பிரபலமானது. தயிரில் உள்ளதைப் போன்ற அமில நுண்ணுயிர், ஈஸ்ட், ஒளியைக் கொண்டு வாழும் நுண்ணுயிர் ஆகிய மூன்றும் அதன் முக்கிய வகைகள். நாற்றத்தைக் குறைக்க உதவுவதாகப் பயன்படுத்தியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தில் நான்கு ஆண்டுகள் வயலில் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், விளைச்சலுக்கு அந்த நுண்ணுயிர்களால் தனிப்பயன் தெரியவில்லை என்றும், அவற்றைச் சுமந்து வந்த தவிடு முதலியவற்றின் சத்தே பலன் தந்தது என்றும் கண்டார்கள். நம் கருத்து இதுதான்: வசதியுள்ளவர் வாங்கட்டும், ஏழை வீட்டில் மோரும் மண்ணும் போதும். அல்லாஹ் மண்ணில் இலவசமாக வைத்திருப்பதைப் புட்டியில் அடைத்துத் தந்தால்தான் நம்புவோம் என்பது சரியன்று.

இந்த இடத்தில் ஷரீஅத் சட்டத்தைப் பற்றிய ஐயங்கள் எழும். வீட்டில் எருப்பானை வைத்தால் நஜீஸ் ஆகிவிடாதா, தொழுகை கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஐயம் நியாயமானதே. காய்கறி, சோறு, பழத்தோல் அழுகி நிறமும் வாடையும் மாறுவதால் மட்டும் நஜீஸாகிவிடுவதில்லை. மீன் செத்த நிலையிலும் தாஹிர். ஆகவே மோரும் மண்ணும் உறையாக ஊற்றிய பானை சுத்தமானதே. கை அழுக்கானால் கழுவுவது நற்பழக்கம். அதனால் ஒளு முறியாது.

சாணத்தை உறையாகப் பயன்படுத்தினால் சட்டம் மாறும். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் மாட்டுச் சாணம் நஜீஸ். எருவாக மாறி, சாணத்தின் தன்மை முழுவதும் போய் மண்ணாகிவிட்டபின் அதன் நிலை என்ன? பொருளின் இயல்பே மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்பது ஹனஃபீ மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய சொல். உப்பளத்தில் விழுந்து உப்பாகிவிட்ட கழுதையை அதற்கு உதாரணம் காட்டுவார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், மது தானாகக் காடியாவது, தோல் பதப்படுவது போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை மாறினாலும் நஜீஸாகவே கருதப்படும். ஆனால் அந்த எருவில் முளைத்த கீரையும் காயும் தாஹிர் என்பதிலும், நிலத்துக்கு அதை இடலாம் என்பதிலும் தடையில்லை. எனவே ஷாஃபிஈ சகோதரர்கள் சாண எருவைத் தொட்டபின் கையையும், பட்ட துணியையும் கழுவிக்கொண்டு தொழ வேண்டும். சிரமம் இவ்வளவே. இதற்காக ஒரு நற்செயலையே கைவிடுவது, ஒளு செய்யச் சோம்பி உண்ணாமலே இருப்பதைப் போன்றது.

இது ஸஹாபாக்கள் காலத்திலேயே பேசப்பட்ட விஷயம். ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் நிலத்துக்குக் கழிவை எருவாக இட்டதாக ஒரு செய்தி பைஹகீயில் உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் நிலத்தில் அதை அனுமதிக்கவில்லை என்ற செய்தியும் இருக்கிறது. இருவரும் நமக்குப் பெரியவர்களே. ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் துலைதுலாவின் இப்னு பஸ்ஸால், இஷ்பீலிய்யாவின் இப்னுல் அவ்வாம் போன்றோர் எழுதிய வேளாண் நூல்களில் எருவின் வகைகளுக்கென்றே தனிப் பகுதிகள் உண்டு. அவர்களுக்கு எரு என்றால் முகஞ்சுளிக்கும் விஷயமாக இருக்கவில்லை.

ஊர் அளவில் முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாநிலத்தின் ஆலப்புழையைச் சொல்லலாம். பல்லாண்டுகளாக அந்நகரத்தின் குப்பை முழுவதும் சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. அந்த மக்கள் ஒருநாள் வண்டிகளை மறித்து நின்றார்கள். கொட்ட இடமின்றித் தெருக்கள் நாறின. 2012-ல் நகரசபை வழி கண்டது: கழிவை உண்டான இடத்திலேயே எருவாக்குவது. வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலங்களும் குழாய் எருக்கலங்களும். தெருக்களில் நாலடி நீள அகல உயரத்தில் காற்றோட்டமுள்ள தொட்டிகள். இந்தத் தொட்டி முறை கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி பண்ணையில் பிறந்தது; செத்த கால்நடைகளையே மக்கவைக்கக் கண்டுபிடித்தது. சாணம் ஓரடுக்கு, சருகு ஓரடுக்கு, கழிவு ஓரடுக்கு என்று நிரப்பினால் சுமார் 90 நாளில் எரு. நாற்றமில்லை. 2017-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவைச் சீராகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

நம் மஹல்லாக்களில் இதை ஏன் செய்யக்கூடாது? பள்ளிவாசல் வளாகங்களில் பலவற்றில் வேப்பமரமோ பாதாம் மரமோ நிற்கிறது. உதிரும் சருகை மோதினார் தினம் கூட்டிக் கொளுத்துகிறார். கொளுத்துவதை நிறுத்திச் சேமித்தால் கரிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ரமளானில் நோன்புக் கஞ்சி மிச்சம், பழத்தோல் எல்லாம் அதே தொட்டிக்குப் போகும். ஜமாஅத் கூட்டத்தில் வண்ணப் பூச்சுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் தொகையில் மிகச் சிறுபங்கு இதற்குப் போதும்.

குர்பானி நாள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மீது அண்டை அயலார் வருந்துவதற்கு அதிக வாய்ப்புள்ள நாள்கள் அவை. இரத்தம் நஜீஸ், குடலும் சாணிப்பையும் சாக்கடையில் போனால் மறுநாள் தெருவே நாறும். பிறருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்ற அடிப்படை விதிக்கு, இபாதத் செய்யும் நாளில் மட்டும் விலக்கு இல்லை. மாநகராட்சியோ நகராட்சியோ கழிவை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்திருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இடவசதியுள்ள கிராமங்களில் கிணற்றுக்கும் குளத்துக்கும் வெகு தொலைவில், ஊற்று நீர் எட்டாத மேட்டில் குழி வெட்டி, அடியில் சருகு தாராளமாகப் பரப்பி, கழிவைப் போட்டு, மேலும் சருகு போட்டு, நாய் தோண்டாதபடி இரண்டடிக்குக் குறையாமல் மண் மூட வேண்டும். சாணிப்பையில் இருப்பதே நுண்ணுயிர்க் களஞ்சியம். வேறு உறை தேவையில்லை. பலர் நல்லெண்ணத்தோடு குழிக்குள் பிளீச்சிங் பவுடரை மூட்டையாகக் கொட்டுகிறார்கள், பினாயிலை ஊற்றுகிறார்கள். அறுத்த இடத்தைக் கழுவ அவை சரி. குழிக்குள் கொட்டினால் வேலை செய்ய வேண்டிய உயிர்களைக் கொன்றுவிட்டு, மாதக்கணக்கில் மக்கவில்லையே என்று குறைசொல்வதாகிவிடும்.

குழியை ஆறு மாதமாவது தோண்டாமல் விட்டுவிட்டு, பிறகு அதே இடத்தில் தென்னையோ முருங்கையோ நட்டுவிடலாம். பானை எருவைப் பொறுத்தவரை, கருமையாகி, மண்வாசனை வந்தபின் சலித்து வைத்துக்கொள்ளலாம். மக்காத துண்டுகள் அடுத்த பானைக்குப் போகும். சாணம் சேர்ந்த எருவை விற்பது ஹனஃபீ மத்ஹபில் கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸை விற்பது செல்லாது என்பதால், நமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக ஒரு தொகை பெற்றுக்கொள்ளும் முறையை அந்த மத்ஹபின் உலமாக்கள் காட்டியிருக்கிறார்கள். இரண்டும் வேண்டாமென்றால், மாடியில் கீரை போடும் பக்கத்து வீட்டாருக்கு ஒரு கூடை சும்மாவே கொடுக்கலாம். ஒருவர் வளர்த்த பயிரிலிருந்து மனிதரோ பறவையோ பிராணியோ உண்டால் அது வளர்த்தவருக்கு ஸதகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். அந்தக் கீரையைக் கொத்த வரும் குருவியையும் விரட்ட வேண்டாம் என்று கூடையைக் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்.